காணி உரிமையும் அரசின் கையும்

புனேயிலிருந்து லோணாவளா நோக்கிச் செல்லும் உள்ளூர் ரயிலில் ஏறினால், ஆக்குர்டியை அடுத்து வரும் நிலையம் தேஹு ரோடு. பதினேழாம் நூற்றாண்டில் வாழ்ந்த பக்தகவி துக்காராம் மஹராஜின் ஊராகிய தேஹு, அங்கிருந்து சில மைல் தூரத்தில் இந்திராயணி நதிக்கரையில் இருக்கிறது. அவ்வூருக்குச் செல்லும் வழியில் உள்ள நிலையம் ஆதலால் ரயில்வேக்காரர்கள் இதற்குத் தேஹு ரோடு என்று பெயரிட்டார்கள். ஊரின் பெயர் பக்தியிலிருந்து வந்தது. ஊர் வளர்ந்ததோ யுத்தத்தினால். இரண்டாம் உலக மகாயுத்தத்தின்போது ராணுவத் தளவாடங்களைச் சேமித்து வைக்கும் பெருங் கிடங்கு இங்கே ஏற்பட்டது. 1954ஆம் ஆண்டு டிசம்பர் 25ஆம் தேதியன்று டாக்டர் அம்பேத்கர் இவ்வூரில் புத்தர் சிலையொன்றைப் பிரதிஷ்டை செய்தார். 1958இல் தேஹு ரோடு தனிக் கண்டோன்மெண்டாக அமைந்தது.

கிடங்கை நம்பி வந்த குடும்பங்களுள் தமிழ்க் குடும்பங்களும் பல. வேலைக்காக வந்தவர்கள், பிள்ளைகள் பள்ளியில் சேர்ந்த பிறகு திரும்பிப் போக மனமின்றி, அக்கம்பக்கத்தில் ஒரு குண்டா, இரண்டு குண்டா நிலம் வாங்கி வீடு கட்டிக்கொண்டார்கள். நம் ஊர்க் கணக்கில் இரண்டரை சென்டு கொண்டது ஒரு குண்டா. நாற்பது குண்டா ஓர் ஏக்கர். சொந்த ஊரில் காணியைப் பங்காளிகளிடம் விட்டுவிட்டு வந்தவர்களுக்கு இந்த இரண்டரை சென்டுதான் புதிய காணி.

அந்தக் காணியை அரசாங்கம் வேண்டும் என்று கேட்டால் என்ன ஆகும்? நிலத்தை எடுத்துக்கொள்ளாமலே, "இதில் நீ சுவர் எழுப்பக் கூடாது" என்று மட்டும் சொன்னால் என்ன ஆகும்? இந்த இரண்டு கேள்விகளுக்கும் புனே மாவட்டத்தின் வரலாற்றிலேயே விடைகள் இருக்கின்றன. அவற்றை எடுத்துச் சொல்வதே இன்றைய பேச்சின் நோக்கம்.

முதலில் தத்துவத்தைச் சற்றுப் பார்ப்போம். நாட்டின் பொதுநலத்துக்குத் தேவையாயின் குடிமகனின் சொத்தை அவன் சம்மதம் இல்லாமலே எடுத்துக்கொள்ள அரசுக்கு மேலான உரிமை உண்டு என்ற கருத்தை, ஹாலந்து தேசத்துச் சட்ட அறிஞர் ஹியூகோ குரோஷியஸ் 1625இல் வெளியிட்ட தமது நூலில் ஒரு பெயரிட்டு விளக்கினார். அவ்வாறு எடுத்தால் இயன்றவரை ஈடு செய்ய வேண்டும் என்பதையும் அவர் உடன் கூறினார். எடுக்கும் உரிமையும் ஈடு தரும் கடமையும் ஆரம்பத்திலேயே இரட்டைப் பிள்ளைகளாகப் பிறந்தவை. 1791இல் அமெரிக்க அரசியல் சட்டத்தில் சேர்ந்த ஐந்தாவது திருத்தம் இவ்விரண்டையும் ஒரே வாக்கியத்தில் கட்டி வைத்தது.

நம் நாட்டிலும் நிலவுரிமை என்பது புதிய எண்ணமன்று. தஞ்சைத் தரணியில் "மிராசுதார்" என்ற சொல்லைக் கேட்டு வளர்ந்தவர்கள், மராட்டியக் கிராமங்களின் பழைய ஏடுகளிலும் "மிராஸ்தார்" என்ற அதே சொல் இருப்பதைக் கண்டு வியப்பார்கள். வம்சாவளியாக வரும் உரிமை என்னும் பொருளுள்ள அரபுச் சொல்லிலிருந்து பிறந்து இரு நாடுகளிலும் வேரூன்றிய சொல் அது. வரி செலுத்தும்வரை மிராசு நிலத்திலிருந்து ஒருவனை அகற்றுவது நியாயமன்று என்ற எண்ணம் காவிரிக் கரையிலும் இருந்தது. மாவள நாட்டு மலைச் சரிவுகளிலும் இருந்தது.

ஆங்கிலேய ஆட்சி வந்தபின் இந்த எண்ணத்தின் மீது எழுத்துச் சட்டம் ஏறியது. 1824இல் வங்காளத்தில் முதல் ஒழுங்குமுறை பிறந்தது. பம்பாய்க்கு 1839இலும், சென்னைக்கு 1852இலும் தனித்தனிச் சட்டங்கள் தோன்றின. இருப்புப் பாதைகள் நாடெங்கும் ஓடத் தொடங்கிய காலத்தில், 1857இல், கம்பெனி ஆட்சிப் பகுதி முழுமைக்கும் ஒரே சட்டம் ஏற்பட்டது. 1870இல் அது திருத்தி எழுதப்பட்டது. இறுதியில் 1894ஆம் ஆண்டின் நில ஆர்ஜிதச் சட்டம் வந்தது. சந்தை விலையோடு, கட்டாயமாக எடுத்ததன் மனத்தாங்கலுக்காக நூற்றுக்குப் பதினைந்து சேர்த்துக் கொடுக்க வேண்டும் என்பது அதன் விதி. ஆனால், எது பொதுக் காரியம் என்று தீர்மானிப்பது சர்க்காரின் வாய்ச்சொல்லே என்பதும் அதன் விதி. அந்தச் சட்டத்தின் ஏழாம் பகுதி இன்னும் ஒருபடி மேலே சென்றது. தனியார் கம்பெனி ஒன்றுக்காகவும், அதன் வேலை பொதுமக்களுக்குப் பயன்படக் கூடும் என்று சர்க்கார் கருதினால், குடியானவனின் நிலத்தை எடுத்துக் கொடுக்கலாம் என்றது.

அந்த ஏழாம் பகுதியின் உண்மையான உருவத்தைப் புனே மாவட்டம் 1921இல் கண்டது.

தேஹு ரோட்டுக்குத் தெற்கே, சஹ்யாத்திரி மலையின் மடியில் முள்ஷி பேட்டா என்றொரு பள்ளத்தாக்கு. அங்கே நீளா, முளா என்னும் ஆறுகள் கூடுகின்றன. மழை மிகுந்த பூமி. நெல் விளையும் வயல்கள். அங்கே அணை கட்டி, நீரை மலைக்கு மேற்கே கொங்கணத்தை நோக்கி விழச் செய்து, மின்சாரம் எடுத்துப் பம்பாய் நகருக்கும் அதன் ஆலைகளுக்கும் அனுப்ப வேண்டும் என்று டாட்டா மின்சாரக் கம்பெனி திட்டமிட்டது. நோக்கம் தீயதன்று. நிலக்கரிப் புகை குறையும், தொழில் பெருகும். ஆனால் அணையின் நீருக்குள் ஏறத்தாழ ஐம்பது கிராமங்கள் அமிழ வேண்டியிருந்தன.

கிராமத்தாருக்கு இச்செய்தி முறையாகச் சொல்லப்படவில்லை. நிலம் ஆர்ஜிதம் ஆவதற்கு முன்பே வயல்களில் சோதனைக் குழிகள் வெட்டப்பட்டன. தன் வயலில் யாரோ குழி தோண்டுவதைக் கண்ட பிறகே உழவனுக்கு விஷயம் தெரிந்தது. 1921ஆம் ஆண்டு ஏப்ரல் 16ஆம் தேதி, ஸ்ரீராமநவமியன்று, முள்ஷியின் மாவளர்கள் அணை வேலை நடக்கும் இடத்தில் உட்கார்ந்து சத்தியாக்கிரகம் தொடங்கினார்கள். ஆண்களோடு பெண்களும் குழந்தைகளும் வந்தார்கள். வேலை சிறிது காலம் நின்றது. பிறகு சட்டத்தின் துணையோடு மீண்டும் தொடங்கியது. கைதுகளும் சிறைத் தண்டனைகளும் தொடர்ந்தன. பாண்டுரங்க மஹாதேவ பாபட் என்னும் தலைவருக்குச் "சேனாபதி" என்ற பட்டம் நிலைத்தது இந்தப் போராட்டத்தில்தான். 1924இன் இறுதியில் போராட்டம் ஓய்ந்தது. அணை எழுந்தது. இன்றும் முள்ஷி ஏரியைப் பார்க்க விடுமுறை நாட்களில் மக்கள் போகிறார்கள். நீருக்கு அடியில் உள்ள வயல்களை நினைப்பவர் சிலரே.

இந்த வரலாற்றில் நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. முள்ஷியின் நிலங்களுள் பல புனே நகரத்து லேவாதேவிக்காரர்களிடம் அடமானத்தில் மூழ்கியிருந்தன. நஷ்டஈட்டுப் பணம் யாருக்குப் போகும்? ஏட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவருக்கு, கடன் பத்திரம் யார் கையில் இருக்கிறதோ அவருக்கு. ஆகவே கடன் கொடுத்தவர்களுள் பலர் ஆர்ஜிதத்தை வரவேற்றார்கள். வராக் கடன் ரொக்கமாக வந்துவிடும் அல்லவா? உழுதவன் கையில் மண்ணும் இல்லை, பணமும் இல்லை. தலைமுறை தலைமுறையாக உழுத கை ஒன்று, ஏட்டில் எழுதியிருந்த பெயர் வேறொன்று. சட்டம் ஏட்டைத்தான் பார்த்தது. முள்ஷி நமக்குக் கற்பிக்கும் முதற் பாடம் இது.

இனித் தேஹு ரோட்டுக்குத் திரும்புவோம்.

யுத்த காலத்தில் அரசாங்கம் நிலத்தைப் பெற்ற வழிகள் இரண்டு. ஒன்று ஆர்ஜிதம்; நிலம் என்றென்றைக்கும் சர்க்காருடையதாகிவிடும். மற்றொன்று தற்காலிகக் கைப்பற்று. 1939ஆம் ஆண்டின் இந்தியப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் நிலத்தையோ கட்டடத்தையோ எடுத்துப் பயன்படுத்திவிட்டு, தேவை தீர்ந்ததும் திருப்பித் தர வேண்டும். உரிமை உடையவரிடமே இருக்கும். அனுபவம் மட்டும் சர்க்காருக்கு. யுத்தம் முடிந்த பின்னும் பல இடங்கள் திரும்பி வரவில்லை. 1952இல் புதிய சட்டம் ஒன்று இயற்றிக் கைப்பற்றைத் தொடர்ந்தார்கள். பம்பாய் நகரில் 1951இல் இவ்வாறு எடுக்கப்பட்ட குடியிருப்பு ஒன்று முப்பது ஆண்டுகள் ஆகியும் திருப்பித் தரப்படாத வழக்கில், 1984இல் உச்ச நீதிமன்றம் தெளிவாகத் தீர்ப்புச் சொன்னது. தற்காலிகம் என்று எடுத்ததை நிரந்தரம் ஆக்கிக்கொள்ள முடியாது. நிரந்தரமாக வேண்டுமாயின் ஆர்ஜிதம் செய்து விலை கொடுக்க வேண்டும் என்பது அதன் சாரம். வாடகைக்கு வந்தவன் வீட்டுக்காரன் ஆக முடியாது என்று நம் பாட்டிமார் சொல்லும் நியாயம்தான் இது.

ஆர்ஜிதமும் இல்லாமல், கைப்பற்றும் இல்லாமல், மூன்றாவது வழி ஒன்றும் உண்டு. தேஹு ரோட்டுவாசிகளின் வாழ்வைப் பெரிதும் தொட்டது அதுவே. 1903ஆம் ஆண்டின் பாதுகாப்புப் பணிகள் சட்டம் என்று அதற்குப் பெயர். கோட்டைகளுக்கும் ஆயுதக் கிடங்குகளுக்கும் அருகில் உள்ள நிலத்தை அது எடுத்துக்கொள்வதில்லை. பட்டா உங்கள் பெயரிலேயே இருக்கும். ஆனால் அறிவிக்கை வெளிவந்ததும், நிலத்தை எவ்வாறு பயன்படுத்தலாம் என்பதற்கு மூன்று வளையங்களாகத் தடைகள் எழும். கிடங்கின் வெளி விளிம்பிலிருந்து 2000 கஜம் வரை, அதாவது ஒரு மைலுக்குச் சற்று அதிகமான தூரம்வரை, ராணுவ அதிகாரியின் எழுத்து மூலமான அனுமதி இன்றித் தரை மட்டத்தை மாற்றக் கூடாது. சுவரோ கட்டடமோ எழுப்பக் கூடாது. 1000 கஜத்துக்குள் தடை இன்னும் கடுமை; மரம் முதலிய, எளிதில் அகற்றக்கூடிய பொருள்களால் ஆன குடிசையும் வேலியும் இருக்கலாம், அதையும் ஆணை வந்தால் உடனே அகற்ற வேண்டும். 500 கஜத்துக்குள் தடை மிகக் கடுமை.

தேஹு ரோடு கிடங்கைச் சுற்றி 2000 கஜ எல்லை 2002இல் அறிவிக்கப்பட்டது. அதற்குள் நிக்டி, தளவடே, கிவளே முதலிய பகுதிகளில் ஏராளமான வீடுகள் எழுந்திருந்தன. பின்னும் எழுந்தன. "ரெட் ஜோன்" என்று மராத்தி, தமிழ், தெலுங்கு பேசுவோர் அனைவரும் ஒரே சொல்லால் அதைக் குறிப்பிடுகிறார்கள். அந்த எல்லையைக் குறுக்க வேண்டும் என்ற கோரிக்கை நெடுங்காலமாக எழுந்துகொண்டிருக்கிறது. அவ்வெல்லைக்குள் இருக்கும் நிலத்துக்குக் கட்டட அனுமதி கிடைப்பது அரிது; வங்கிக் கடன் கிடைப்பதும் அரிது. அதனாலேயே அங்கு நிலம் மலிவு. மலிவாக இருப்பதனாலேயே எளியவர்கள் அங்கு வாங்குகிறார்கள். தடை யாரை விலக்கும் என்று எண்ணப்பட்டதோ, அவர்களையே அது உள்ளே இழுத்துவிட்டது.

இத்தடை வெறும் அதிகாரச் செருக்கினால் எழுந்தது என்று எண்ணிவிடக் கூடாது. 1944ஆம் ஆண்டு ஏப்ரல் 14ஆம் தேதி பம்பாய்த் துறைமுகத்தில் வெடிமருந்து ஏற்றிய கப்பல் ஒன்று தீப்பற்றி வெடித்தது. எண்ணூறு பேருக்கு மேல் மாண்டார்கள். துறைமுகத்தை அடுத்த பகுதிகள் தரைமட்டமாயின. 2016ஆம் ஆண்டு மே 31ஆம் தேதி இதே மஹாராஷ்டிரத்தில் வர்தா மாவட்டத்துப் புல்காவ் வெடிமருந்துக் கிடங்கில் தீ மூண்டு, அதிகாரிகளும் தீயணைப்போருமாகப் பதினாறு பேருக்கு மேல் உயிரிழந்தனர். அருகிலிருந்த கிராமத்து மக்கள் இரவோடு இரவாக ஊரைவிட்டு வெளியேற நேர்ந்தது. கிடங்குக்கும் வீட்டுக்கும் இடையே தூரம் வேண்டும் என்பது உயிரைக் காக்கும் விதி. அதை எதிர்ப்பது அறிவுடைமை ஆகாது.

அப்படியானால் கேள்வி என்ன? தூரம் வேண்டுமா, வேண்டாமா என்பதன்று. அந்தத் தூரத்தின் விலையை யார் கொடுப்பது என்பதே கேள்வி. நாடு முழுவதும் பாதுகாப்பைப் பெறுகிறது. அதற்காக இரண்டு குண்டாக்காரன் ஒருவன் மட்டும் தன் நிலத்தின் மதிப்பை இழக்கலாமா? 1903ஆம் ஆண்டின் சட்டமே இதற்கு விடை சொல்லியிருக்கிறது என்பதைப் பலர் அறியார். தடையினால் நிலத்துக்கு ஏற்படும் நஷ்டத்துக்கு ஈடு கோரும் உரிமை அச்சட்டத்திலேயே உண்டு. கலெக்டர் அறிவிப்புக் கொடுத்து, உரிமை கோருவோரை அழைத்து, விசாரித்துத் தீர்ப்பு வழங்க வேண்டும். அதில் திருப்தி இல்லையேல் நீதிமன்றத்துக்கு அனுப்பக் கோரலாம். அந்நிய ஆட்சி இயற்றிய சட்டம், யுத்தக் கண்ணோடு எழுதிய சட்டம். அதுவும்கூட ஈடு தரும் கடமையைக் கைவிட்டுவிடவில்லை.

1922இல் அமெரிக்க உச்ச நீதிமன்றமும் இக்கேள்வியையே சந்தித்தது. பென்சில்வேனியா மாகாணத்தில், வீடுகளின் அடியில் நிலக்கரி வெட்டுவதைச் சட்டம் தடுத்தது. நிலக்கரி உரிமை கம்பெனியிடம் இருந்தது. தடையினால் அந்த உரிமை பயனற்றுப் போயிற்று. சொத்தின் பயனைக் கட்டுப்படுத்தும் சட்டம் அளவு கடந்தால், அது சொத்தை எடுத்துக்கொண்டதற்கே சமம் என்று நீதிபதி ஹோம்ஸ் தீர்ப்பெழுதினார். அளவு எது என்று அவர் கோடு கிழித்துக் காட்டவில்லை. நூறாண்டுக்குப் பிறகும் உலகத்து நீதிமன்றங்கள் அந்தக் கோட்டைத் தேடிக்கொண்டே இருக்கின்றன.

சுதந்திர இந்தியாவின் அரசியல் சட்டம் 1950இல் நடைமுறைக்கு வந்தபோது, சொத்துரிமை அடிப்படை உரிமைகளுள் ஒன்றாக இருந்தது. ஜமீன்தாரி ஒழிப்பு நடந்த காலம் அது. பெருநிலக்கிழாரின் ஆயிரக்கணக்கான ஏக்கரையும் ஏழைக் குடியானவனின் காணியையும் ஒரே சொல்லால் காப்பதா என்ற சிக்கல் எழுந்தது. 1951இல் முதல் திருத்தம் வந்து நிலச் சீர்திருத்தத்துக்கு வழி திறந்தது. நஷ்டஈடு என்றால் இழந்ததற்கு நேரான ஈடு என்று, வங்காள வழக்கொன்றில் 1953 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் கூறியது. 1955இல் நான்காம் திருத்தம் வந்து, ஈடு போதுமா போதாதா என்று நீதிமன்றம் ஆராயக் கூடாது என்றது.

இந்த நீண்ட வாதத்தில் சென்னைக்கும் சிறப்பான பங்கு உண்டு. 1961இல் சென்னைச் சட்டசபை, நில ஆர்ஜிதச் சட்டத்துக்குத் திருத்தம் ஒன்று செய்தது. வீட்டு வசதித் திட்டத்துக்காக நிலம் எடுத்தால், அன்றைய விலை, முந்திய ஐந்தாண்டுகளின் சராசரி விலை ஆகிய இரண்டில் எது குறைவோ அதைக் கொடுத்தால் போதும். நூற்றுக்குப் பதினைந்துக்குப் பதில் ஐந்து சேர்த்தால் போதும். வருங்காலத்தில் அந்நிலம் எதற்கெல்லாம் உகந்ததாகும் என்ற மதிப்பைக் கணக்கில் சேர்க்க வேண்டியதில்லை என்பன அதன் விதிகள். வஜ்ரவேலு முதலியார் வழக்கு என்று பெயர்பெற்ற வழக்கில், 1964இல், நீதிபதி கோகா சுப்பாராவ் தீர்ப்பளித்தார். அவருடைய நியாயம் எளிமையானது. அடுத்தடுத்து இரண்டு வயல்கள். ஒரே மண், ஒரே விளைச்சல். ஒன்றை ஆஸ்பத்திரி கட்ட எடுத்தால் ஒரு விலை, மற்றொன்றை வீடு கட்ட எடுத்தால் குறைந்த விலை என்றால் இது என்ன சமத்துவம்? நிலத்தை இழப்பவனுக்கு இழப்பு ஒன்றே. திருத்தச் சட்டம் சமத்துவ விதிக்கு மாறானது என்று செல்லாதாயிற்று. 1972இல் நாகபுரி நகர அபிவிருத்தி டிரஸ்டின் வழக்கில் ஏழு நீதிபதிகள் கூடி இதே நியாயத்தை உறுதி செய்தார்கள். சென்னையில் ஏற்றிய விளக்கின் ஒளி, எட்டே ஆண்டுகளில் மஹாராஷ்டிரத்தில் விழுந்தது.

அதன்பின் காட்சி மாறியது. 1978இல் இயற்றிய நாற்பத்து நான்காம் திருத்தத்தின்படி, 1979 ஜூன் 20ஆம் தேதி முதல் சொத்துரிமை அடிப்படை உரிமை என்ற நிலையை இழந்தது. அதன் இடத்தில் 300ஏ என்ற ஒரு சிறு ஷரத்து வந்தது. சட்டத்தின் அதிகாரம் இன்றி எவருடைய சொத்தையும் பறிக்கலாகாது என்பதே அதன் பொருள். அடிப்படை உரிமை போயிற்று; இனிச் சொத்துக்குக் காப்பு இல்லை என்று பலர் எண்ணினார்கள். வரலாறு வேறு விதமாக நடந்தது.

1964இல் மஹாராஷ்டிரத்தில் தொழில் வளர்ச்சிக்காக எழுத்தறிவற்ற உழவர்கள் சிலரின் நிலம் எடுக்கப்பட்டது. ஆர்ஜித நடவடிக்கை முடிவு பெறவில்லை; பணமும் வரவில்லை. நாற்பத்தெட்டு ஆண்டுகள் கழித்து, 2012இல், உச்ச நீதிமன்றம் அவர்களுக்கு ஈடு வழங்க வழிசெய்தது; சொத்துரிமை மனித உரிமையும் ஆகும் என்று கூறியது. ஹிமாசலப் பிரதேசத்தில் 1967ஆம் ஆண்டளவில் சாலை போடுவதற்காக ஒரு பெண்மணியின் நிலத்தை அரசு எடுத்தது. காசு ஒன்றும் தரவில்லை. 2020 ஜனவரியில் வழக்கு முடிந்தபோது அவர் எண்பது வயது மூதாட்டி. இத்தனை காலம் அனுபவித்ததால் நிலம் எமக்கே சொந்தம் என்று அரசு வாதிட்டது. தன் குடிமக்களின் நிலத்தை ஆக்கிரமித்துவிட்டு அதையே உரிமையாகக் காட்டும் வழக்கு அரசுக்கு அழகன்று என்று நீதிமன்றம் அந்த வாதத்தைத் தள்ளியது.

2013இல் நாடாளுமன்றம் 1894ஆம் ஆண்டின் சட்டத்தையே நீக்கிப் புதிய சட்டம் இயற்றியது. அது 2014 ஜனவரி முதல் தேதியன்று நடைமுறைக்கு வந்தது. சந்தை விலைக்கு மேல் நூற்றுக்கு நூறு சேர்த்துத் தர வேண்டும்; தனியார் கம்பெனிக்காக எடுப்பதாயின், பாதிக்கப்படும் குடும்பங்களுள் நூற்றுக்கு எண்பது சம்மதிக்க வேண்டும்; நிலம் இல்லாமல் அந்நிலத்தை நம்பி உழைத்தவரையும் கணக்கில் எடுக்க வேண்டும். முள்ஷியில் கேட்ட குரலுக்குத் தொண்ணூறு ஆண்டுகள் கழித்து வந்த மறுமொழி என்றே இதைச் சொல்லலாம்.

2024 மே மாதம் கல்கத்தா மாநகராட்சி சம்பந்தப்பட்ட வழக்கில், 300ஏ என்னும் அந்தச் சிறு ஷரத்துக்குள் ஏழு உரிமைகள் அடங்கியிருப்பதாக உச்ச நீதிமன்றம் விளக்கியது. முன்னறிவிப்புப் பெறும் உரிமை, நம் பக்கத்து நியாயத்தைச் சொல்லும் உரிமை, காரணம் காட்டிய முடிவைப் பெறும் உரிமை, பொதுக் காரியத்துக்கு மட்டுமே எடுக்கலாம் என்ற உரிமை, நியாயமான ஈடு, காலதாமதமற்ற நடவடிக்கை, நடவடிக்கை முழுமையாக முடிவு பெறுதல் என்பன அவை. அதே ஆண்டு நவம்பர் 5ஆம் தேதி, பம்பாய்ச் சொத்துரிமையாளர் சங்கத்தின் வழக்கில் ஒன்பது நீதிபதிகள் கொண்ட ஆயம் தீர்ப்பளித்தது. தனியார் சொத்து எல்லாமே சமூகத்தின் பொதுவளம் ஆகிவிடாது. சில வகைகள் மட்டுமே, அவற்றின் தன்மையையும் பயனையும் பொறுத்து, அவ்வாறு கருதப்படலாம் என்று பெரும்பான்மை நீதிபதிகள் கூறினார்கள். அவ்வழக்கு 1992இல் தொடங்கியது. முப்பத்திரண்டு ஆண்டுகள்!

இத்தனை வரலாற்றையும் கேட்ட நேயர், "இதனால் எனக்கு என்ன பயன்?" என்று வினவலாம். நியாயமான வினா. மூன்று செய்திகளைச் சொல்லி முடிக்கிறேன்.

முதலாவது, ஏடு. முள்ஷியில் உழவனைக் கைவிட்டது ஏடு. மஹாராஷ்டிரத்தில் "சாத்-பாரா" என்று வழங்கும் ஏழு-பன்னிரண்டு நகல், நம் சிட்டா, அடங்கலுக்கு இணையானது. அதில் யார் பெயர் இருக்கிறது, மற்ற உரிமைகள் என்ற பகுதியில் என்ன தடை எழுதியிருக்கிறது என்று பார்க்காமல் நிலம் வாங்கக் கூடாது. கண்டோன்மெண்ட் எல்லைக்குள் கதை வேறு. அங்கே பொது நிலப் பதிவேடு என்ற தனி ஏடு உண்டு. அங்குள்ள வீடுகள் பலவற்றின் கீழே உள்ள மண் அரசாங்கத்துக்கே உரியது; குடியிருப்போருக்குக் குத்தகை உரிமையே இருக்கும். முத்திரைத் தாளில் கையெழுத்திட்ட ஒப்பந்தம் ஒன்றை மட்டும் நம்பி ஆயுட்காலச் சேமிப்பைக் கொடுப்பது அபாயம். மொழி தெரியவில்லை என்று வாளாவிருக்கலாகாது. மராத்தி தெரிந்த அண்டை வீட்டாரை அழைத்து ஒருமுறை வாசிக்கச் சொல்லிக் கேட்பதில் கௌரவக் குறைவு ஏதும் இல்லை.

இரண்டாவது, தேதி. தடை அறிவிக்கை வெளிவருவதற்கு முன்னே நிலம் வைத்திருந்தவர், தடையினால் வந்த நஷ்டத்துக்கு ஈடு கேட்கும் நிலையில் இருக்கிறார். அறிவிக்கைக்குப் பின்னே வாங்கியவரோ, தடையோடு கூடிய நிலத்தையே வாங்கியவர் ஆகிறார். ஆர்ஜித அறிவிக்கைக்குப் பின் வாங்கியவர் அந்த ஆர்ஜிதத்தை எதிர்த்து வழக்காட முடியாது என்றும் உச்ச நீதிமன்றம் 2019இல் தீர்ப்பளித்திருக்கிறது. ஆகவே பத்திரத்தின் தேதியையும் அறிவிக்கையின் தேதியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். இரண்டு தேதிகளுக்கும் இடையே உள்ள இடைவெளியில்தான் ஒரு குடும்பத்தின் உரிமை அடங்கியிருக்கிறது.

மூன்றாவது, காலம். மஹாராஷ்டிரத்தின் 1966ஆம் ஆண்டு நகரமைப்புச் சட்டத்தின்படி, பள்ளிக்கோ பூங்காவுக்கோ என்று ஒதுக்கிவைத்த நிலத்தைப் பத்தாண்டுகளுக்குள் எடுக்காவிட்டால், உரிமையாளர் நோட்டீஸ் கொடுக்கலாம். அதன் பின்னும் குறித்த காலத்துக்குள் நடவடிக்கை எடுக்காவிட்டால் ஒதுக்கீடு காலாவதியாகும். ஆனால் கேட்பவனுக்குத்தான் இந்த உரிமை. நோட்டீஸ் கொடுக்காதவன் நிலம் கோட்டுக்குள்ளேயே கிடக்கும். நாற்பத்தெட்டு ஆண்டுகள் கழித்தும் நீதி கிடைத்தது என்பது உண்மை. நாற்பத்தெட்டு ஆண்டுகள் ஆயிற்று என்பதும் உண்மை. எழுத்து மூலமான மனு ஒன்றைக் கலெக்டர் அலுவலகத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரையிட்ட நகலைப் பத்திரமாக வைத்திருப்பது, பேரன் காலத்து வழக்கறிஞருக்குப் பாட்டனார் விட்டுச் செல்லும் பெருஞ் சொத்தாகும்.

அரசு நிலத்தை எடுக்கத்தான் செய்யும். அணைகளும் சாலைகளும் கிடங்குகளும் ஆகாயத்தில் கட்டப்படுவன அல்ல. பொதுக் காரியத்துக்காகச் சிலர் விலகி நிற்க வேண்டியிருப்பது சமுதாய வாழ்வின் நியதி. ஆயினும் விலகி நிற்பவனை அழைத்து, அவன் சொல்லைக் கேட்டு, அவன் இழப்புக்கு ஈடு செய்து அனுப்புவது ஆட்சியின் கடமை. அது தவறினால் நினைவூட்டுவது குடிமகனின் கடமை. முள்ஷியின் உழவர்கள் வயலை இழந்தார்கள். ஆனால் கேட்கும் பழக்கத்தை இந்நாட்டுக்கு விட்டுச் சென்றார்கள்.

தேஹு ரோடு நிலையத்தில் இறங்கி வீட்டுக்கு நடந்து செல்லும் தமிழ் அன்பர்கள், அன்று மாலையே பெட்டியைத் திறந்து, தங்கள் நிலத்துப் பத்திரத்தை எடுத்து, அதிலுள்ள தேதியை ஒருமுறை படித்துப் பார்ப்பார்களாயின், இப்பேச்சு தன் பயனைப் பெற்றதாகும்.